ஆர்க்யூ பண்ணாதீங்க மேடம்

எங்கள் பனியன் கம்பெனியில் தமிழ் தெரியாதவர்கள் உண்டு, இந்தி தெரியாதவர்கள் உண்டு, ஆனால் 'ஆர்க்யூ' என்ற சொல் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. ஒடிசாவிலிருந்து நேற்று வந்து இறங்கிய பெண்ணுக்குக்கூடச் சாப்பாடு, பாத்ரூம் இரண்டுக்கும் அடுத்தபடியாகப் புரிந்துவிடுகிற சொல் அது. "ஆர்க்யூ பண்ணாத" என்று யாராவது சொன்னால் அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது. எதற்கு, ஏன் என்றெல்லாம் கேட்கவும் கூடாது. கேட்டால் அதுவும் ஆர்க்யூதான்.

நான் அங்கே குவாலிட்டி இன்சார்ஜ். தைத்து வருகிற உடுப்பில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே சைஸ் சட்டைக்குக் காலையில் ஒரு அளவும் மத்தியானம் ஒரு அளவும் ஏன் வருகிறது என்று லைன் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "வந்த அன்னைக்கே ஆர்க்யூ பண்றீங்களே" என்றார். வீட்டுக்குப் போய்ப் போனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடினேன். ஒன்றைச் சரி என்றோ தவறு என்றோ காரணம் காட்டிப் பேசுவது என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் காட்டிப் பேசத்தானே சம்பளம் தருகிறார்கள்! சூப்பர்வைசர் தெரியாமல் என்னைப் பாராட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அகராதி அர்த்தத்தைச் சொல்லும், யார் யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்பதைச் சொல்லாது. அதைக் கம்பெனிதான் கற்றுக்கொடுத்தது. முதலாளி மேனேஜரைப் பார்த்துச் சொல்லலாம், மேனேஜர் சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் டெய்லரை. டெய்லர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். எதிர்த் திசையில் அந்தச் சொல் போய் நான் பார்த்ததில்லை. முதலாளி மேஜையைத் தட்டி மணிக்கணக்கில் பேசினால் அதற்குப் பெயர் மீட்டிங். டெய்லர் ஒரு வரி பேசினால் ஆர்க்யூ.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? பத்திரிகையில் வாக்குவாதம் என்று ஒரு வார்த்தை வந்தால் அடுத்த வார்த்தை 'முற்றி'. அதற்கடுத்தது 'கைகலப்பு'. வாக்குவாதம் நடந்து, ஒருவர் சொன்னது சரியென்று இன்னொருவர் ஒப்புக்கொண்டு, இருவரும் டீ குடிக்கப் போனார்கள் என்று எந்தப் பத்திரிகையிலாவது படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை.

எனக்கு இந்தச் சொல்லோடு கூடுதலாக ஒரு வில்லங்கம் இருந்தது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். அப்பா இந்தப் பனியன் ஊருக்கு ஓவர்லாக் டெய்லராகப் பிழைக்க வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடும்பத்தோடு தங்கினார். எங்கள் பேச்சில் 'ங்க' கிடையாது, சத்தமும் கொஞ்சம் கூடுதல். வந்த புதிதில் ஒருநாள் வீட்டுக்கார அம்மா பதறி ஓடிவந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க? எதா இருந்தாலும் பொறுமையாப் பேசிக்கலாமுங்க" என்றார். எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒண்ணுமில்லயே. கொழம்புல உப்பு பத்தலன்னு இவ அப்பா சொல்லிட்டு இருந்தாவ" என்றார். அந்த லைனில் கடைசிவரை எங்களுக்குச் சண்டைக்கார வீடு என்றே பெயர். நானும் இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்த்து, 'ங்க' போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். கோபம் வந்தால் மட்டும் அது எங்கேயோ போய்விடும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அன்றைக்குக் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு லாட் ஒன்று தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். காலையிலிருந்தே கீழே லாரி நின்றது. துணிகளெல்லாம் டிடெக்டர் மெஷினில் ஓடி முடிந்து, அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. டிடெக்டர் என்பது ஒரு சின்ன பெல்ட். துணியை அதில் வைத்தால் உள்ளே நகர்ந்து போகும். துணியில் இரும்புத் துணுக்கு இருந்தால் அலறிக்கொண்டு நின்றுவிடும். கடைசிச் செக்கிங்கில் கொஞ்சம் பீஸ்களில் தோள் தையல் விட்டிருந்ததால் அவற்றை மட்டும் மறுபடி தைக்க அனுப்பியிருந்தோம். அவற்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது பிளாட்லாக் மெஷினில் ஊசி உடைந்தது.

ஊசி உடைவது அதிசயமில்லை. உடைந்தால் செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்த அத்தனை பீஸும் தனியே ஒதுங்க வேண்டும். குழந்தை உடுப்பில் ஊசி முனை சிக்கிப் போய்விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முனை கிடைக்கவில்லை. தைத்தது மங்கலத்திலிருந்து வருகிற ஒரு டெய்லர் பெண். சின்ன வயசு, நல்ல கைவேகம். எங்கள் கம்பெனியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் தொட்டில்களும் ஓர் ஆயாவும் உண்டு. அந்த வசதிக்காகவே கைக்குழந்தையோடு இவ்வளவு தூரம் வருபவள். அவள் மெஷினுக்கடியில் காந்தக் கட்டையை வைத்துத் தரையெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் தைத்துக் கொடுத்த பீஸ்கள் பேக்கிங்குக்குப் போய், டிடெக்டரில் மறுபடி ஓடாமலேயே பெட்டிகளில் கலந்துவிட்டன. எந்தப் பெட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான். பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

மேனேஜர் லோடிங் பக்கம் நின்றிருந்தார். இந்த ஊர்க்காரர். குரலை உயர்த்தியோ ஒருவரை வாடா போடா என்றோ அவர் பேசி யாரும் கேட்டதில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமாங்க மேடம். முனை கிடைக்கோணுமுங்க. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் லோடுமேன் இன்னொரு பெட்டியைத் தூக்கி லாரிக்குள் வைக்கிறார்.

"சார், பெட்டி ஏறிட்டிருக்குங்க."

"ஆமாங்க."

"நிறுத்தச் சொல்லுங்க சார்."

"சொல்லிக்கலாமுங்க. பார்த்துக்கலாமுங்க."

இன்னொரு பெட்டி ஏறியது. அவர் மறுத்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தால் என்னிடம் வண்டி வண்டியாகக் காரணம் இருந்தது. சரியென்று சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? நான் காரணம் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். பெட்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன. எனக்கு ஆத்திரம் வந்தது.

"நான் சொல்லுதது காதுல விழுதா இல்லையா? பச்சப்பிள்ளை போடுத துணி சார் இது! அந்த முனை கெடைக்காம ஒரு பெட்டியும் போவாது!"

லோடுமேன்கூட நின்றுவிட்டார். மேனேஜருடைய முகம் மாறவில்லை. இன்னும் மெதுவாகப் பேசினார்.

"ஆர்க்யூ பண்ணாதீங்க மேடம். நானுந்தான் சரின்னு சொல்றேனுங்களே."

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து பிரச்சினை ஊசி முனை இல்லை, என் குரல். பேக்கிங் ஆட்கள் என்னைத்தான் பார்த்தார்கள். தெற்கத்தி ஆள், கத்தத்தான் செய்வார் என்று அந்தப் பார்வை சொல்லியது. நான் இனி எதைப் பேசினாலும் அது அவர் சொன்னதற்குச் சாட்சியாகத்தான் போகும். பேசாமல் இருந்தாலோ லாரி போகும்.

அப்போது அந்த டெய்லர் பெண் படியிறங்கி வந்தாள். கையில் தாள்.

"கிடைச்சிருச்சுங்க" என்றாள்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்து, "இதத்தானுங்க சொன்னேன்" என்று என்னிடம் நீட்டினார். டேப்புக்கு அடியில் ஊசி முழுசாக இருந்தது. ஆனால் ஊசியில் உடைந்த இடம் சாய்வாக இருந்தது, முனைத் துண்டில் உடைந்த இடம் நேராக இருந்தது. ஊசி பளபளவென்று இருந்தது, முனை கறுத்துப்போயிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ உடைத்த ஊசியின் முனை. கண் உள்ள எவருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தாளை வேறு யார் கையிலும் அவர் கொடுக்கவில்லை.

நான் அவளை மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போனேன்.

"ஏ பிள்ள, இது உன் முனை இல்ல."

அவள் தரையைப் பார்த்தாள். "ஆர்க்யூ வேண்டாமுங்க மேடம். கெஞ்சிக் கேக்கறேனுங்க."

கீழேயிருந்து மேலே பார்த்து அந்தச் சொல்லை ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மிரட்டலாகவே கேட்டுப் பழகிய வார்த்தை, அவள் வாயில் கும்பிடாக வந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் கீழே பெட்டி ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்குப் பிள்ளை இருக்கு. நீயே சொல்லு, இதை அனுப்பலாமா?"

"அனுப்பக்கூடாதுங்க. எனக்குத் தெரியாதுங்களா?" இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "லாட் நின்னா யாரு பேரு மேடம் நிக்கும்? என்ற பேருதானுங்க. உங்களை ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. நாளைக்கு என்ற கொழந்தைய எங்க மேடம் போடறது?"

"நீ ஊசியை வேணும்னா ஒடச்ச?"

"மெஷினுல தட்டற சத்தம் வருதுங்க, ஊசி டைமிங் சரியில்லீங்க, மெக்கானிக்கைக் கூப்புடுங்கன்னு காலையில வந்ததுமே சூப்பர்வைசருகிட்டச் சொன்னேனுங்க. இருக்கற அர்ஜென்டுல ஆர்க்யூ பண்ணாம தெய்யின்னாருங்க. தெச்சேன். ஒடைஞ்சிருச்சு. இப்ப நீங்க சொல்லுங்க மேடம், யாரு ஒடைச்சது?"

அவள் கோர்ட்டில் வக்கீல் அடுக்குவதுபோல் அடுக்கிவிட்டாள். இந்தக் கம்பெனியில் இத்தனை காலத்தில் என்னிடம் ஒருவர் காரணம் காட்டிப் பேசி, அதற்கு நான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை.

"இதை அப்படியே கீழ வந்து சொல்லுதியா?" என்று கேட்டேன். "உன் பேர் நிக்காம நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களால முடியுமுங்களா?"

எனக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது? அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

மேனேஜருக்கு எதிரே போய் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"அது என்ற ஊசி முனை இல்லீங்க."

"என்ன அம்மிணி?"

"ஒடைஞ்ச ஊசி டப்பாவுல கெடந்த பழைய முனைய ஒட்டிட்டேனுங்க. தப்புத்தானுங்க. என்ற முனை இன்னும் கிடைக்கலீங்க."

"சரி சரி. மேல போய் வேலையப் பாரு அம்மிணி. பார்த்துக்கலாம்."

"சரீங்க. அது என்ற முனை இல்லீங்க."

"அதான் சொல்லிட்டயில்ல? ஆர்க்யூ பண்ணாதே கண்ணு."

"இல்லீங்க. பண்ணலீங்க. பெட்டிக்குள்ள இருக்குதுங்க."

அவள் நகரவில்லை. ஒரு வார்த்தைகூட 'ங்க' இல்லாமல் வரவில்லை. ஒரு வார்த்தையைக்கூட அவள் விட்டுக்கொடுக்கவும் இல்லை. என் கத்தலுக்கு வளைந்து கொடுத்த மனிதர் இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். என்னிடம் சொன்னதுபோல 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால், பெட்டிக்குள் முனை இருப்பதை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும், லாட் நின்றுவிடும். 'இல்லை' என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லோடுமேன் தோளில் ஒரு பெட்டியோடு யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

"எறக்குங்கப்பா" என்றார் மேனேஜர் கடைசியில்.

பெட்டிகள் எல்லாம் மறுபடி மேலே வந்தன. பேக்கிங் ஆட்கள், செக்கிங் பெண்கள், லைனில் இருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, பாலித்தீன் கவரை உருவி, ஒவ்வொரு சின்னச் சட்டையாக பெல்ட்டில் வைத்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். பெட்டி பெட்டியாகக் காலியானது, மெஷின் வாயைத் திறக்கவில்லை. முனை தரையில் எங்காவது கிடந்திருந்தால்? குப்பையோடு போயிருந்தால்? அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தும் யாரும் எழுந்திருக்காமல் இருந்தபோது மெஷின் அலறியது.

மஞ்சள் நிறச் சட்டை, என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தோள் தையலுக்குள் முனை ஒளிந்திருந்தது. கழுத்துக்குப் பக்கத்தில். எடுத்து ஊசியோடு வைத்துப் பார்த்தேன், சாய்வோடு சாய்வு பொருந்தியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேனேஜர் வந்து, சட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேளைங்க மேடம்" என்றார். "இதையெல்லாம் நீங்க கொஞ்சம் முன்னாடியே அழுத்திச் சொல்லோணுமுங்க."

சிரிப்பதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக அந்த மனிதர் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னார். லாரி இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டது, கப்பலையும் பிடித்துவிட்டதாக அடுத்த நாள் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு ஜெயித்துவிட்ட திமிர். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

திங்கட்கிழமை அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசரைக் கேட்டேன். "வேலை வந்தா சொல்லி அனுப்பறோம்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார். இந்த ஊரில் அதற்கு, வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது என்று அர்த்தம். நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காராமலே பேசினேன். மெஷின் தட்டுகிறது என்று அவள் காலையிலேயே சொன்னது, யாரும் கேட்காதது, அவள் வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்த மஞ்சள் சட்டை எங்கே போயிருக்கும் என்பது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது, எங்கள் ஊர்ச் சந்தையில் கேட்கிற குரல். குறைக்கவில்லை. கதவுக்கு வெளியே டைப்பிங் சத்தம் நின்றுபோனது.

"அவளக் கூப்புட்டு அதே மெஷின்ல உக்கார வைக்காம இந்த ரூம விட்டுப் போவமாட்டேன்" என்றேன்.

ஆர்க்யூ பண்ணாதீங்க என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "கூப்புடுங்க மேடம்" என்றார்.

அவர் முன்னாலேயே போன் போட்டேன். அவள் எடுத்ததும், "நாளைக்கே வந்துரு பிள்ள, நான் பேசிட்டேன்" என்றேன்.

"இல்லீங்க மேடம்" என்றாள். "நான் வரலீங்க."

நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு மேனேஜருகிட்டப் பேசறப்பக்கூடப் பயமில்லீங்க. அப்பறம் எல்லாரையும் உக்கார வெச்சுப் பெட்டியப் பிரிச்சோமில்லீங்க, அதுக்கப்பறம் லைனுல ஒருத்தருமே என்றகிட்டப் பேசலீங்க. தண்ணி குடிக்கப் போனா வெலகி நின்னாங்க. என்னால ஆகாதுங்க."

பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பிள்ளை எங்கே என்றேன். காலடியிலேயே, பீஸ் போடுகிற பெட்டிக்குள் துணியை விரித்துத் தூங்க வைத்திருக்கிறாளாம்.

"பஞ்சு பறக்கிற எடத்துல பிள்ளையப் போடலாமா? இங்க தொட்டில் இருக்கு, ஆயா இருக்கு, நேரத்துக்குப் பால் குடுக்கலாம்." நான் விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் சரியான காரணம். அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க சொல்றதெல்லாம் நெசந்தானுங்க மேடம்" என்றாள் பிறகு. "ஆனா காலையில இங்க மெஷின் தட்டுதுன்னு சொன்னேனுங்க. உடனே நிறுத்திட்டு வந்து பார்த்தாங்க."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறாள் என்று கையால் கேட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றேன். அந்தப் பக்கம் அவள் மறுபடி தைக்க ஆரம்பித்திருந்தாள்.